கையும் சேர்ந்து படிக்கும் எழுத்து

சீனாவின் நான்ஜிங் நகரில் யாங்சே ஆற்றின் மேல் ஈரடுக்குப் பாலம் ஒன்று இருக்கிறது. 1968-ல் திறந்தார்கள். கீழ் அடுக்கில் ரயில், மேல் அடுக்கில் கார், பஸ், லாரி. சோவியத் உதவி பாதியில் நின்றுபோன பிறகு சீனப் பொறியாளர்களே கட்டி முடித்தது என்பதால் அந்த நாட்டில் அதற்குத் தனிப் பெருமை. பாலத்தின் பெயரை நகரத்தின் பெயரோடு சேர்த்து எழுதினால் ஏழு எழுத்து. அந்த ஏழு எழுத்தை வைத்து சீனர்கள் ஒரு வேடிக்கை சொல்வார்கள்.

சீனத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவதில்லை. ஏழு எழுத்தும் ஒரே அளவுக் கட்டங்களில் அடுத்தடுத்து நிற்கும். முதல் இரண்டும் ஊர்ப்பெயர். மூன்றாவது 'ஷி', நகரம் என்று பொருள். சிக்கல் நான்காவதில். அது பின்னால் வரும் 'ஜியாங்'கோடு சேர்ந்தால் அதன் உச்சரிப்பு 'ச்சாங்', பொருள் நீளம். ச்சாங் ஜியாங் என்றால் நீள ஆறு; யாங்சேயை அவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். அதே எழுத்து முன்னால் நிற்கும் 'ஷி'யோடு சேர்ந்தால் உச்சரிப்பு 'ஜாங்', பொருள் தலைவர். ஷி ஜாங் என்றால் மேயர். மேயர் என்று வெட்டிவிட்டால் கடைசி மூன்று எழுத்தும் ஓர் ஆளின் பெயராகிவிடும்: நான்ஜிங் மேயர், திருவாளர் ஜியாங் தாச்சியாவ்!

இந்த வேடிக்கையைக் கேள்விப்படாத சீனர் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் பாலத்தைத்தான் படிப்பார். மேயர் அவர் மனதில் எட்டிப் பார்க்கக்கூட மாட்டார். கண்ணுக்கு வந்து சேர்ந்தவை ஏழு வடிவங்கள் மட்டும்தான். எங்கே வெட்டுவது, வெட்டியபின் நான்காவது எழுத்தை எப்படி உச்சரிப்பது, அப்போது அதற்கு என்ன பொருள் என்ற மூன்று கேள்விகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கண் ஓரிடத்தில் தங்குகிற கால் நொடிக்குள் மூளை மூன்றையும் தீர்த்துவிடுகிறது. படத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சீனம் ஒரு சித்திர எழுத்து, மலைக்கு மலைபோல, ஆளுக்கு ஆள்போல வரைந்து வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. நம்மிடம் மட்டுமில்லை. பேச்சைத் தொடாமல் கருத்தை நேரடியாகக் குறிக்கும் உலகப் பொது எழுத்து ஒன்றைத் தேடிய ஐரோப்பிய அறிஞர்கள், லைப்னிட்ஸ் உட்பட, சீனத்தை ஏக்கத்தோடு பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் மூளை ஆய்வாளர்களும் அதே எண்ணத்தோடுதான் தொடங்கினார்கள். அதைக் கைவிட அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அம்மாவுக்குள் குதிரை

சீனத்தில் குதிரைக்கு 'மா'. பழைய வடிவத்தில் பிடரியும் காலும் வாலும் கொண்ட ஒரு படம்தான் அது. சரி, இப்போது அம்மா என்பதற்கான எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. எறும்பு என்ற சொல்லின் முதல் எழுத்தில் பூச்சியும் குதிரையும். திட்டுவதற்கு இரண்டு வாயும் ஒரு குதிரையும். வாக்கியத்தின் கடைசியில் வந்து அதைக் கேள்வியாக்கும் சின்ன எழுத்தில் ஒரு வாயும் குதிரையும். குதிரைக்கு இவற்றில் எதிலும் வேலை இல்லை. 'மா' என்ற ஒலியைச் சொல்லத்தான் அது அங்கே நிற்கிறது. ஒரு பாதி பொருளுக்குத் துப்பு, மறு பாதி ஒலிக்குத் துப்பு. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பான்மை இந்த வார்ப்புதான். தூய படங்கள் சிறுபான்மை.

ஒலித்துப்பை முழுக்க நம்பவும் முடியாது. எழுத்து உருவாகிப் பல நூற்றாண்டுகள் ஆனதில் பேச்சு நகர்ந்துவிட்டது, எழுத்து அங்கேயே நின்றுவிட்டது. தொடக்கப் பள்ளியில் கற்கும் எழுத்துகளிலேயே ஒலிப்பகுதி சொல்வதை அப்படியே உச்சரிக்கக் கூடியவை பாதிக்கும் குறைவு. தெரியாத எழுத்தைக் கண்டால் பக்கத்தைப் பார்த்துப் படித்துவிடுகிறவர்களைச் சீனர்கள் கேலி செய்வார்கள். படித்தவன் எழுத்தில் பாதியைத்தான் படிப்பான் என்று அவர்களிடம் ஒரு வழக்கே உண்டு.

எண்ணிக்கையும் சாதாரணமில்லை. சீன அரசு 2013-ல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள். அவற்றில் முதல் நிலையில் உள்ள 3,500 அன்றாட வாசிப்புக்குத் தேவையானவை. நம் 247-ஐயும் ஒரு குழந்தை தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. உயிரும் மெய்யும் தெரிந்து, கொம்பும் காலும் சுழியும் எங்கே சேரும் என்று பிடிபட்டுவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும். சீனக் குழந்தைக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. அங்கும் உறுப்புகள் உண்டு, திரும்பத் திரும்ப வருபவையும் உண்டு. ஆனால் எது எங்கே எந்த அளவில் உட்காரும் என்பதை எழுத்துக்கு எழுத்து கற்றுத்தான் ஆகவேண்டும்.

வலமா, இடமா?

பேச்சு பெரும்பாலானோருக்கு மூளையின் இடப் பாதியைச் சேர்ந்தது. வடிவங்களையும் முகங்களையும் அறிவதில் வலப் பாதிக்குக் கூடுதல் பங்கு. ஆகவே சீனம் படமென்றால் அதை வலப் பாதிதான் படிக்க வேண்டும். 1970-களில் இது நியாயமான ஊகமாகவே இருந்தது. ஸ்கேனர் இல்லாத காலம். பார்வையின் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓர் எழுத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் காட்டி, எந்தப் பக்கம் காட்டினால் சரியாகச் சொல்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இடப்பக்கம் காட்டுவது முதலில் வலப் பாதிக்குப் போகும், வலப்பக்கம் காட்டுவது இடப் பாதிக்கு.

உளவியலாளர் ஓவிட் ட்ஸெங்கும் அவருடைய சகாக்களும் 1979-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனை இந்த ஊகத்தைப் பாதி காப்பாற்றி, பாதி கவிழ்த்தது. தனி எழுத்தைக் காட்டினால் வலப் பாதி முந்தியது. இரண்டு எழுத்துச் சொல்லைக் காட்டினால் இடப் பாதி முந்தியது. இன்றைய சீனத்தில் பெரும்பாலான சொற்கள் இரண்டெழுத்துக்காரர்கள். தனி எழுத்தை ஒரு நொடியின் துணுக்கில் காட்டிச் செய்யும் சோதனை வாசிப்பைப் பற்றிப் பேசுகிறதா, கண்மருத்துவரின் அட்டையைப் பற்றிப் பேசுகிறதா என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

ஸ்கேனர் வந்தபிறகு விவகாரம் வேகமாக முடிந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டான் லிஹாய் குழுவினர் சீன வாசகர்களை, மூளையில் எந்த இடம் உழைக்கிறது என்று படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் படுக்கவைத்துப் பார்த்தபோது ஒளிர்ந்தது பெரும்பாலும் இடப் பாதி. ஏறத்தாழ அதே சமயம் பாரிஸில் லொரான் கோஎனும் ஸ்தானிஸ்லாஸ் தெஆனும், இடது காதுக்குப் பின்னே மூளையின் அடிப்பக்கத்தில் எழுத்து வடிவத்துக்கென்றே பழகிய ஒரு சின்ன இடத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். பிரெஞ்சு படித்தாலும் அந்த இடம், எபிரேயம் படித்தாலும் அந்த இடம். சீனம் படித்தாலும் அதே இடம்தான். வெவ்வேறு எழுத்துமுறைகளில் நடந்த ஸ்கேன் ஆய்வுகளைத் திரட்டி 2005-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதை உறுதிசெய்தது. சீனத்தில் ஒரே ஒரு கூடுதல்: வலப் பக்கத்துப் பார்வைப் பகுதிகளும் கொஞ்சம் சேர்ந்து உழைக்கின்றன. கட்டத்துக்குள் எது மேலே, எது கீழே, எது எதை அணைத்து நிற்கிறது என்று பார்க்க அவை உதவுகின்றன என்று கொள்ளலாம்.

எழுத்து என்பது தோன்றி ஐயாயிரம் ஆண்டு போல ஆகிறது. அதற்கென்று மூளையில் ஓரிடம் பரிணமித்திருக்க வாய்ப்பில்லை. பொருள்களையும் முகங்களையும் அறிய ஏற்பட்ட நிலத்தில் ஒரு துண்டை, பேச்சுப் பகுதிகளுக்கு நல்ல பாதை உள்ள துண்டாகப் பார்த்து, வாசிப்பு ஆக்கிரமித்துக்கொள்கிறது என்பது தெஆனின் விளக்கம். சீனக் குழந்தையும் பிரெஞ்சுக் குழந்தையும் ஒரே துண்டைப் பிடிக்கக் காரணம் அந்தப் பாதைதான் என்றால், சீன எழுத்தும் பேச்சை நோக்கித்தான் போகிறது என்றாகிறது.

மௌனத்தில் ஒலி

போகிறதா? ஒலியை எழுத்திலிருந்து கூட்டிப் படிக்க முடியாத ஒரு மொழியில், பார்த்ததும் பொருளுக்குத் தாவிவிடுவதுதானே சிக்கனம்? அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் பெர்ஃபெட்டியும் அவருடைய சீன மாணவர்களும் இதைச் சோதித்த விதம் எளிமையானது. இரண்டு எழுத்தைக் காட்டி, இரண்டுக்கும் ஒரே பொருளா என்று கேட்பார்கள். ஒலியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் பொருள் வேறாக இருந்து ஒலி மட்டும் ஒன்றாக இருந்தால், 'இல்லை' என்று சொல்ல வாசகர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. கேட்காத ஒலி கூப்பிடாமலே வந்து வழிமறிக்கிறது. எந்த எழுத்துமுறையானாலும் வாசிப்பு பேச்சை எழுப்பியே தீரும் என்று பெர்ஃபெட்டி இதை ஒரு பொது விதியாகவே முன்வைத்தார்.

இதில் சுவையான நெருக்கடி ஒன்று உண்டு. பெய்ஜிங் சீனத்தில் அசைகள், ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், 400 போலத்தான். அதைச் சேர்த்தாலும் ஆயிரத்துச் சொச்சம். பல்லாயிரம் எழுத்துகள் அந்தச் சொச்சத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மொழியியலாளர் ஜாவ் யுவான்ரன் 'ஷி' என்ற ஒரே அசையை வெவ்வேறு ஏற்ற இறக்கத்தில் மட்டும் வைத்து, தொண்ணூறுக்கும் மேற்பட்ட எழுத்தில், சிங்கம் தின்ன ஆசைப்பட்ட ஒரு புலவரின் கதையை எழுதிவைத்தார். கண்ணால் படித்தால் கதை. காதால் கேட்டால் சீனருக்கே ஒன்றும் விளங்காது. ஆக, சீன வாசகருக்கு ஒலி வருகிறது. ஆனால் அது ஒன்றே பொருளைத் தீர்த்துவைப்பதில்லை. ஒலியும் வடிவமும் பொருளும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துத்தான் நகர வேண்டியிருக்கிறது. நான்ஜிங் பலகையில் பார்த்தது அதைத்தான்.

எந்த அளவுத் துண்டில் ஒலி வருகிறது என்பதும் எழுத்து கற்றுக்கொடுப்பதே. சீனத்துக்கு ரோமன் எழுத்தில் ஒலிக்குறிப்பு தரும் பின்யின் முறை 1958-ல் பள்ளிகளுக்கு வந்தது. பின்யினுக்கு முன்பே பள்ளி முடித்து எழுத்தை மட்டும் கற்றவர்கள், பின்யினும் சேர்த்துக் கற்றவர்கள் என இரண்டு வகைப் பெரியவர்களை 1986-ல் வெளியான ஓர் ஆய்வு ஒப்பிட்டது. ஓர் அசையின் தொடக்க மெய்யை நீக்கிச் சொல்லுங்கள், இன்னொரு மெய்யைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். பின்யின் தெரிந்தவர்கள் அநாயாசமாகச் செய்தார்கள். தெரியாதவர்கள் திணறினார்கள். இருவரும் செய்தித்தாள் படிக்கிறவர்கள், பேசுவதும் ஒரே மொழி. மெய்யெழுத்து என்ற ஒன்று தங்கள் வாயில் இருப்பதே ஒரு சாராருக்குப் பிடிபடவில்லை.

கண் எப்படி நகர்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே வியப்பு குறைவு. 1925-லேயே ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மைல்ஸும் யூஜின் ஷென்னும் சீன மாணவர்களின் கண் அசைவைப் புகைப்படச் சுருளில் பதிவு செய்தார்கள், மேலிருந்து கீழாகவும் கிடையாகவும் படிக்கவைத்து. சீன வாசகரின் கண் ஒருமுறை தங்கும்போது இடப்பக்கம் ஓர் எழுத்தும் வலப்பக்கம் மூன்று எழுத்தும் பயன்படுகின்றன. ஆங்கிலத்தில் வலப்பக்கம் பதினாலு, பதினைந்து எழுத்துவரை எட்டும். ஆனால் ஒரு சீன எழுத்துக்குள் அடங்கும் சரக்கு அதிகம் என்பதால் ஒரே செய்தியைப் படித்து முடிக்க இருவருக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகிறது. 2008-ல் வெளியான ஒரு சோதனையில் சொற்களுக்கு நடுவே இடம்விட்டுச் சீனத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுத்துக்கு எழுத்து இடம் விட்டபோது தடுமாறினார்கள். நம் ஓலைச்சுவடிகளிலும் சொல்லுக்கு நடுவே வெளி இல்லை, பெரும்பாலும் புள்ளிகூட இல்லை. ஏடு படித்துப் பழகிய கண்ணுக்கு அது குறையாகத் தோன்றியிருக்காது.

விரல் காற்றில் எழுதும்போது

சீன ஒன்றாம் வகுப்பில் புதிய எழுத்தை அறிமுகம் செய்யும்போது ஆசிரியர் பலகையில் எழுதுவார். பிள்ளைகள் எல்லோரும் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் எழுதுவார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் உண்டு: 'ஹெங்' என்றால் கிடைக்கோடு, 'ஷு' செங்குத்து, 'பியே' இடப்பக்கம் சரிவது, 'நா' வலப்பக்கம் சரிவது. வகுப்பே அந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு விரலை ஆட்டும். எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்ற வரிசை மாறக் கூடாது. பிறகு குறுக்கும் நெடுக்கும் கோடுபோட்ட கட்ட நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, வரி வரியாக, பக்கம் பக்கமாக.

இது வெறும் கையெழுத்துப் பயிற்சி என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1980-களில், சீன எழுத்துகளையும் பயன்படுத்தும் ஜப்பானில், ஆய்வாளர்கள் சாசாகியும் வாதனாபேயும் ஒன்றைக் கவனித்தார்கள். ஓர் எழுத்தின் உறுப்புகளை வாயால் சொல்லி, சேர்ந்தால் என்ன எழுத்து வரும் என்று கேட்டால், பெரியவர்களும் தம்மையறியாமல் தொடையிலோ மேசையிலோ காற்றிலோ விரலால் எழுதிப் பார்க்கிறார்கள். விரலை அசைக்கக் கூடாது என்று தடுத்தால் விடை வருவது கடினமாகிறது. சீன எழுத்தோடு வளர்ந்தவர்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம் இது. எழுத்தின் நினைவு கண்ணில் மட்டும் இல்லை, கையிலும் இருக்கிறது.

டான் லிஹாயும் சகாக்களும் 2005-ல் பெய்ஜிங் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இதற்கு எடை சேர்த்தது. யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்ல, ஒலிகளைப் பிரித்தறியும் திறனைவிட எழுத்தைப் பார்த்து எழுதும் திறன் நன்றாக உதவியது. ஆங்கிலத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே ஒலியைப் பிரிக்கும் காதுதான் முதல் அடையாளம். சீன வாசகர்களின் ஸ்கேன்களில் திரும்பத் திரும்ப ஒளிர்ந்த ஓரிடமும் இந்தக் கதையோடு பொருந்தியது. நெற்றிக்குப் பின்னால், இடப்பக்கம், நடு முன்மடல். அதன் பக்கத்திலேயே இருக்கிறது வியன்னாவின் சிக்மண்ட் எக்ஸ்னர் 1881-ல் எழுதும் கைக்குரியதாகக் கருதிய இடம்.

இங்கிருந்துதான் சர்ச்சை ஆரம்பிக்கிறது. அது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைப் பற்றியது.

அறிவில் குறை இல்லாமல், பள்ளிக்கும் ஒழுங்காகப் போய், படிப்பது மட்டும் வராமல் தவிக்கும் பிள்ளைகள் ஜப்பானில் அபூர்வம் என்று 1968-ல் மாகிதா என்ற மனநல மருத்துவர் எழுதினார். 1971-ல் பிலடெல்ஃபியாவில் உளவியலாளர் பால் ரோஸின் குழு ஒரு துணிச்சலான காரியம் செய்தது. இரண்டாம் வகுப்புக்கு வந்தும் ஆங்கிலம் படிக்க வராத குழந்தைகளுக்கு முப்பது சீன எழுத்துகளைக் கற்றுக்கொடுத்து, அவற்றை ஆங்கிலச் சொற்களாகவே படிக்கச் சொன்னார்கள். சில மணி நேரப் பயிற்சியிலேயே அந்தப் பிள்ளைகள் வாக்கியம் வாக்கியமாகப் படித்தார்கள். சீன எழுத்துக்கு டிஸ்லெக்சியா கிடையாது என்ற நம்பிக்கை பரவியது. முப்பது எழுத்தைப் படித்ததை வைத்து மூவாயிரத்தைப் பற்றி முடிவு கட்டுவது எப்படி என்று கேட்க அப்போது பெரிதாக யாரும் முன்வரவில்லை. ஹெரால்ட் ஸ்டீவன்ஸன் குழு தைவான், ஜப்பான், அமெரிக்கப் பிள்ளைகளை ஒரே மாதிரிச் சோதனைகளால் அளந்து 1982-ல் வெளியிட்ட முடிவுதான் அதை உடைத்தது. படிக்க வராத பிள்ளைகள் மூன்று நாட்டிலும் இருந்தார்கள்.

சரி, இருக்கிறார்கள். அவர்களுக்கு மூளையில் நேர்ந்திருப்பதும் ஆங்கிலப் பிள்ளைக்கு நேர்ந்திருப்பதும் ஒன்றா? 1999-ல் ஆய்வாளர்கள் வைடெல், பட்டர்வொர்த் இருவரும் விவரித்த ஒரு பையன் இந்தக் கேள்விக்கு உயிர் கொடுத்தான். வீட்டில் ஆங்கிலம் பேசி, ஜப்பானில் வளர்ந்தவன். ஜப்பானியத்தைக் கல்லூரி மாணவர் தரத்துக்குப் படித்தான். ஆங்கிலத்தில் அவனுக்குக் கடுமையான டிஸ்லெக்சியா. ஒரே மூளை, ஓர் எழுத்துமுறையில் மட்டும் குறை. 2004-ல் சியோக் வாய் டிங், டான், பெர்ஃபெட்டி உள்ளிட்டோர் 'நேச்சர்' இதழில் ஒரு படி மேலே போனார்கள். டிஸ்லெக்சியா உள்ள சீனப் பிள்ளைகளிடம் மந்தமாக இருந்தது அந்த இடது நடு முன்மடல். ஆங்கிலப் பிள்ளைகளிடம் மந்தமாக இருப்பதாக அறியப்பட்ட காதோரப் பகுதி அல்ல. குறைபாட்டின் உயிரியலே பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்பது அவர்கள் வாதம். 2008-ல் அதே குழு அந்த இடத்தில் சாம்பல் நிறப் பொருளும் குறைவு என்று சேர்த்துக்கொண்டது. உலகச் செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின.

கேத்தி பிரைஸ் பங்கேற்ற சீன-பிரிட்டன் கூட்டுக் குழு 2010-ல் அந்தக் கொண்டாட்டத்தில் தண்ணீர் ஊற்றியது. இதற்கு முன் சீனப் பிள்ளைகளை ஓர் ஆய்வகமும் ஆங்கிலப் பிள்ளைகளை வேறொரு ஆய்வகமும் வேறு வேறு வேலை கொடுத்துச் சோதித்திருந்தன. இவர்கள் இரு தரப்புக்கும் ஒரே வேலையைக் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு தெரிந்தது. டிஸ்லெக்சியா உள்ளவர்களிடமோ, மந்தமாக இருந்த இடங்கள் இரு மொழியிலும் ஒன்றே. நடு முன்மடலும் அதில் இருந்தது, காதோரமும் இருந்தது.

இரண்டு பக்கத்திலும் ஸ்கேனருக்குள் படுத்த பிள்ளைகள் சிலரே என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் என் பார்வையில் 2010-ன் கையே ஓங்கியிருக்கிறது, ஒப்பிட வேண்டியதை ஒப்பிட்டது அவர்கள்தான். நான்கு மொழிகளை வைத்து 2015-ல் வந்த ஆய்வும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஸ்பானியம், ஆங்கிலம், எபிரேயம், சீனம் எதுவானாலும், ஒரு சொல்லைக் கேட்கும்போது ஒளிரும் இடங்களும் படிக்கும்போது ஒளிரும் இடங்களும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

அப்படியானால் சீனத்தின் கை எங்கே போயிற்று? போகவில்லை, எல்லோருக்கும் இருக்கிறது. 2012-ல் கிமிஹிரோ நகமுராவும் தெஆனும் வேறு சிலரும் பிரெஞ்சு வாசகர்களுக்கும் சீன வாசகர்களுக்கும் அச்செழுத்தைக் காட்டாமல் கையெழுத்தைக் காட்டினார்கள். கோடுகள் எழுதப்படும் திசையிலேயே விரிவதுபோலவும், தலைகீழ்த் திசையில் விரிவதுபோலவும். எக்ஸ்னரின் இடம் இரு தரப்பிலும் விழித்துக்கொண்டது, திசை மாறினால் அதுவும் மாறிப் பேசியது. கண்ணால் படிக்கும் ஒரு சுற்று, கையால் படிக்கும் ஒரு சுற்று, இரண்டும் மனிதருக்குப் பொது. எழுத்துமுறை செய்வதெல்லாம் எதன்மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றுவது என்று முடிவு செய்வதுதான்.

இதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. பாரிஸின் ஜூல் தெஜெரின் 1892-ல் விவரித்த நோயாளி பக்கவாதத்தில் படிக்கும் திறனை அடியோடு இழந்தவர். எழுதுவார், தான் எழுதியதையே படிக்கமாட்டார். ஆனால் எழுத்தின் வளைவை விரலால் வரைந்து பார்த்தால் இன்ன எழுத்து என்று சொல்லிவிடுவார். கண்ணின் வாசல் அடைபட்ட பின் கை வழியாக எழுத்து உள்ளே போயிருக்கிறது. அவர் படித்தது பிரெஞ்சு.

பேனாவைத் தூக்கினால் மறதி

சீனம் பாரம் அதிகம் ஏற்றிய தூணை, அதாவது எழுதும் கையை, எடுத்தால் என்ன ஆகும் என்பது சீனாவில் இப்போது நடைமுறைக் கேள்வி. செல்போனிலும் கணினியிலும் பெரும்பாலோர் பின்யினில் தட்டுகிறார்கள். 'மா' என்று ரோமன் எழுத்தில் தட்டினால் குதிரையும் அம்மாவும் எறும்பும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதைத் தொட்டால் போதும். எழுத்தை வரையத் தெரியவேண்டாம், பார்த்தால் அடையாளம் தெரிந்தால் சரி. விளைவு, பேனாவைத் தூக்கினால் எழுத்து மறந்துபோகிறது. நான்கு எழுத்தில் இதற்கொரு தொடரே அவர்களிடம் இருக்கிறது. தும்மல் என்று எழுதச் சொன்னால் பட்டதாரிகளே இரண்டாவது எழுத்தில் நின்றுவிடுவது ஊரறிந்த கதை. சீன மத்தியத் தொலைக்காட்சி 2013-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டி ஒன்றை நடத்தியது. அரங்கில் இருந்த பெரியவர்களையும் கூடவே எழுதச் சொன்னார்கள். தேரை என்ற சொல்லில் அவர்களில் பெரும்பாலோர் கவிழ்ந்தார்கள்.

அவர்கள் யாரும் தேரையைப் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. எழுத மறந்தவர்கள் படிக்கத்தான் செய்கிறார்கள், வழக்கமான வேகத்திலேயே. சிறுவயதில் ஆயிரக்கணக்கான கட்டங்களை நிரப்பிய கை அவர்களுடையது. அந்த உழைப்பே இல்லாமல், தொடக்கம் முதலே தட்டிப் பழகும் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. டான் குழு 2013-ல் மூன்று நகரங்களின் தொடக்கப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து, பின்யினில் அதிகம் தட்டும் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் குறைவு, கையால் எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் என்று கண்டது. படிக்க வராத பிள்ளைதான் செல்போனைத் தேடிப் போகிறதா, செல்போனால்தான் படிக்க வரவில்லையா என்பதை இந்த மாதிரி ஆய்வு பிரித்துச் சொல்லாது. தட்டுவதும் ஒரே வகை இல்லை. ஹாங்காங்கிலும் தைவானிலும் வழங்கும் சாங்ஜியே, சீனாவின் வூபி இரண்டும் எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துத் தட்டுபவை, ஒலிக்கு அங்கே வேலை இல்லை. கற்பது கடினம் என்பதால் சீனாவில் பின்யின் வூபியை ஓரங்கட்டிவிட்டது. செல்போன் திரையில் விரலாலேயே எழுதும் வசதியும் இருக்கிறது. பின்யின் பழகாத முதியவர்கள் அதைத்தான் நாடுகிறார்கள்.

சீனக் கல்வி அமைச்சகம் 2013-ல் தூரிகை எழுத்துக்கு வழிகாட்டி நெறி ஒன்றை வெளியிட்டது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை வாரம் ஒரு பாடவேளை. அமைச்சகம் இதை முன்வைத்தது பண்பாட்டுக் கடமையாக: மரபுக் கலை, நாட்டுப் பெருமை, அழகுணர்ச்சி. வாசிப்புக்கு உதவும் என்று நினைத்திருந்தால் வாரம் ஒரு பாடவேளை மையும் தூரிகையும் கவைக்கு உதவாது. ஆய்வுகள் காட்டுவது சரியானால் வேண்டியது பென்சிலும் அந்தப் பழைய கட்ட நோட்டும்தான், அதுவும் தினமும், அதுவும் பத்து வயதுக்குள்.